எல்லோருக்கும் என்றால் என் அம்மாவுக்கும்தானே? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் கிறிஸ்தவள் இல்லை. பைபிள் பற்றி நீங்கள் எழுதுவது என்னைப் போல வெளியே இருப்பவர்களுக்கும் புரிகிறது என்பதால் இதை உங்களிடம் கேட்கிறேன்.

என் அப்பா ஆட்டோ ஓட்டினார். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து குடி, குடித்தால் அடி. அம்மா நாலு வீட்டில் வேலை செய்து என்னையும் தம்பியையும் படிக்க வைத்தார். போன வருடம் அப்பாவுக்கு ஈரல் கெட்டுப்போய் அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். வார்டுக்கு ஜெபம் பண்ண வரும் ஒரு சபைக்காரர்கள் அவரிடம் பேசினார்கள். கடைசி மாதங்களில் அவர் ஆளே மாறிவிட்டார், அதை நான் மறுக்கவில்லை. கெட்ட வார்த்தை நின்றது, அழுதார், ஜெபம் பண்ணினார், ஞானஸ்நானம் எடுத்தார். ஆனால் அம்மாவிடம் மட்டும் "தப்பு பண்ணிட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அடக்க ஆராதனையில் பாஸ்டர், "இவர் விசுவாசத்தினால் இரட்சிக்கப்பட்டார், இப்போது ஆண்டவரோடு இருக்கிறார்" என்றார். ஒரு மாதம் கழித்து வீட்டில் ஆறுதல் ஜெபம் வைத்தார்கள். அம்மா எல்லோருக்கும் சமைத்தார். பெருமாள் படம் மாட்டியிருக்கிற வீட்டில் கை நனைக்கக் கூடாது என்று பாதிப் பேர் சாப்பிடாமல் எழுந்து போனார்கள். போகும்போது ஒரு அக்கா அம்மாவிடம், "நீங்களும் இரட்சிக்கப்படலன்னா அவரை மறுபடி பாக்கவே முடியாதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வாழ்நாள் முழுக்க அடித்தவருக்குக் கடைசி நேர நம்பிக்கையால் பரலோகம், அடி வாங்கியவருக்கு இல்லை என்றால் இது என்ன நியாயம்? எல்லோருக்கும் இலவசம் என்கிறீர்கள். எங்கள் பக்கம் சரணாகதி என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அம்மா ராத்திரியில் படுத்துக்கொண்டு கேட்கிறார்: "நான் முழுக்கு எடுத்தாதான் அந்த ஆளை அங்க பாக்க முடியுமா? எனக்கு ஏன் பாக்கணும்?" நான் என்ன பதில் சொல்ல?

எஸ்.
பெரம்பூர்

*

அன்புள்ள எஸ்,

உங்கள் கடிதத்தில் மூன்று நான்கு கேள்விகள் இருக்கின்றன. ஆனால் நான் அந்தச் சாப்பாட்டிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் விசுவாசத்தினால் இரட்சிப்பு, அதாவது நம்பிக்கையால் மீட்பு, என்ற போதனையே ஒரு சாப்பாட்டுத் தகராறில்தான் கூர்மையாக வெளியே வந்தது. இதை நம் சபைகளில் அதிகம் சொல்வதில்லை.

கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தின் 2ஆம் அதிகாரம். இயேசுவின் செய்தியை யூதரல்லாதவர்களிடம் கொண்டுபோன பவுலின் ஆரம்பகாலக் கடிதங்களில் ஒன்று அது. அந்தியோகியா நகரத்தில் யூதர்களும் யூதரல்லாதவர்களும் ஒன்றாகச் சபையில் இருக்கிறார்கள். பேதுரு அங்கே வருகிறார், யூதரல்லாதவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார், எல்லாம் நன்றாகத்தான் போகிறது. அப்புறம் எருசலேமிலிருந்து சிலர் வருகிறார்கள். அவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற பயத்தில் பேதுரு மெல்ல எழுந்து விலகுகிறார், அவரைப் பார்த்து மற்ற யூதர்களும் விலகுகிறார்கள், பவுலின் நெருங்கிய கூட்டாளியான பர்னபாவும்கூட. பவுல் எல்லோருக்கும் முன்பாகப் பேதுருவைக் கண்டிக்கிறார். பேதுரு யார்? இயேசுவின் முதல் சீடர்களில் ஒருவர், சபையின் தூண். அவரை நேருக்கு நேராக, தனியே கூப்பிட்டுக்கூட அல்ல. அந்தக் கண்டிப்பின் நடுவில்தான் மனுஷன் நியாயப்பிரமாணத்தின் கிரியைகளினாலே, அதாவது யூதச் சட்டம் கேட்கிற செயல்களினாலே, நீதிமானாக்கப்படாமல், இயேசு கிறிஸ்துவைப் பற்றும் விசுவாசத்தினாலே நீதிமானாக்கப்படுகிறான் என்ற வாக்கியம் வருகிறது. பதினைந்து நூற்றாண்டு கழித்து, ஜெர்மனியில் புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர் கையில் எடுத்து ஐரோப்பாவை உலுக்கிய வாக்கியங்களில் அதுவும் ஒன்று. அது முதலில் எழுந்த கேள்வி, நான் செத்தால் எங்கே போவேன் என்பதுகூட இல்லை. யாரோடு ஒரே பந்தியில் உட்காரலாம் என்பதுதான். பிறப்பும் சடங்கும் உணவு விதியும் ஒரு மனிதனைக் கடவுளுக்கு முன்னால் ஏற்கத்தக்கவனாக்குவதில்லை, விசுவாசம் போதும் என்றால், நீ எந்த உரிமையில் பந்தியிலிருந்து எழுந்து போகிறாய் என்று பவுல் பேதுருவைக் கேட்கிறார்.

இப்போது உங்கள் வீட்டுக்கு வாருங்கள். உங்கள் அம்மா, கணவரை இழந்த ஒரு மாதத்தில், அந்தக் கணவர் தன்னை அடித்தவர் என்பதையும் வைத்துக்கொண்டு, அவருடைய சபைக்காரர்களுக்கு அடுப்படியில் நின்று சமைத்திருக்கிறார். அதைச் சாப்பிடாமல் எழுந்து போனவர்கள் தங்கள் பக்திக்காக அப்படிச் செய்ததாக நினைத்திருப்பார்கள். ஆனால் எந்தப் போதனையைச் சொல்லி உங்கள் அப்பாவைச் சேர்த்துக்கொண்டார்களோ அதே போதனையை உங்கள் அம்மாவின் சமையலறை வாசலில் காலால் மிதித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன், நானும் அவர்களும் ஒரே பைபிளை வாசிக்கிறவர்கள் என்பதால் எனக்கு அந்த உரிமை இருக்கிறது. அவர்கள் விக்கிரகத்துக்குப் படைத்தது பற்றிய வசனத்தைக் காட்டக்கூடும். அதே பவுல் அதே விஷயம் பற்றி எழுதிய இடத்தில், 1 கொரிந்தியர் 10ஆம் அதிகாரத்தில், விசுவாசம் இல்லாதவர் உங்களை விருந்துக்குக் கூப்பிட்டு, போக உங்களுக்கும் மனமிருந்தால், "ஒன்றையும் விசாரியாமல், உங்கள்முன் வைக்கப்பட்ட எதையும் புசியுங்கள்" என்று இருக்கிறது. இது படைத்தது என்று யாராவது சொன்னால் மட்டும் விலகச் சொல்கிறார். உங்கள் அம்மா அப்படி எதுவும் சொல்லியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். சுவரில் ஒரு படம் இருக்கிறது, அவ்வளவுதான். பந்தி விஷயத்தில் பவுல் சொன்னதைவிடப் பெரிய பரிசுத்தம் ஒன்றை யார் இவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை.

இது ஏதோ ஒரு சபையின் கோளாறு என்றும் ஒதுக்க முடியாது. எல்லோருக்கும் என்று சொல்வது நமக்கு எளிது, எல்லோரோடும் உட்காருவதுதான் தமிழ்க் கிறிஸ்தவத்துக்கு ஆரம்பம் முதலே தொண்டையில் சிக்கிய முள். தரங்கம்பாடியில் 1706ல் லூத்தரன் மிஷனரி சீகன்பால்க் வந்து இறங்கிய காலத்திலிருந்து நம் லூத்தரன் சபைகளில் சாதிவாரியாகத் தனித்தனியே உட்காரும் வழக்கம் இருந்தது. 1833ல் கல்கத்தாவின் பிஷப் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதி உடனடியாக, அடியோடு ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் நம் வேப்பேரியிலும் பெரிய கலகமே நடந்தது, ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுக்க மாட்டோம் என்று பலர் சபையைவிட்டுப் போனார்கள். கிருபை இலவசம் என்று ஞாயிற்றுக்கிழமை பாடுகிறவர்கள்தான் அவர்கள். இன்றைக்கும் சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்துக்குள் சுவர் நிற்கிறது. இதையெல்லாம் உங்களிடம் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் சொல்லாமல் போதனையை மட்டும் அழகாகச் சொன்னால் நேர்மையாக இருக்காது.

சரி, உங்கள் அப்பா.

அவர் இரட்சிக்கப்பட்டாரா என்று கேட்டால், நான் ஆம் என்றே நம்புகிறேன். உங்களுக்கு இது வலிக்கும், தெரிந்தேதான் எழுதுகிறேன். சிலுவையில் இயேசுவுக்குப் பக்கத்தில் தொங்கிய கள்ளனுக்கு ஞானஸ்நானம் இல்லை, திருத்தி வாழ ஒரு நாள்கூட இல்லை, "அடியேனை நினைத்தருளும்" என்ற ஒரு வேண்டுதல்தான். "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்று பதில் வந்தது. கடைசி மாதங்களில் திரும்புகிறவனுக்கு இடமில்லை என்று சொல்ல ஆரம்பித்தால் லூக்கா 23ஐக் கிழித்து எறியவேண்டியிருக்கும். எபேசியர் 2ல், கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, தேவனுடைய ஈவு, ஒருவரும் பெருமைபாராட்டாதபடிக்கு இது கிரியைகளினால் உண்டானதல்ல என்று பவுல் எழுதுகிறார். இதில் கடைசித் துண்டைக் கவனியுங்கள், பெருமைபாராட்டாதபடிக்கு. வாழ்நாள் பூராவும் ஒழுங்காக வாழ்ந்த ஒருவர் உங்கள் அப்பாவைப் பார்த்து நான் உன்னைவிட மேல் என்று கடவுளுக்கு முன்னால் நிற்க முடியாது. அதே மாதிரி அந்தச் சபைக்காரர்கள் உங்கள் அம்மாவைப் பார்த்தும் அப்படி நிற்க முடியாது.

ஆனால் அந்தக் கள்ளன் கதையில் பிரசங்கிகள் அவசரமாகத் தாண்டிப்போகிற ஒரு வசனம் இருக்கிறது. இயேசுவிடம் கேட்பதற்கு முன்னால் அவன் இன்னொரு கள்ளனிடம், "நாமோ நியாயப்படி தண்டிக்கப்படுகிறோம், நாம் நடப்பித்தவைகளுக்குத்தக்க பலனை அடைகிறோம்" என்கிறான். தான் செய்ததைச் செய்தேன் என்று வாய்விட்டு, இன்னொரு மனிதன் காதில் விழச் சொல்கிறான். சகேயுவை எடுத்துக்கொள்ளுங்கள், வரி வசூலித்துப் பணம் சேர்த்தவன். இயேசு அவன் வீட்டுக்குப் போகிறார். அவன் எழுந்து நின்று, என் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், யாரிடமாவது அநியாயமாய் வாங்கியிருந்தால் நாலு மடங்காகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்கிறான். அப்போதுதான் "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்கிறார். திருப்பிக் கொடுத்து அவன் இரட்சிப்பை வாங்கவில்லை, இயேசு அவன் வீட்டுக்கு வந்தது அதற்கு முன்பே. ஆனால் வந்த இரட்சிப்பு அவனை ஏமாந்தவர்களின் பக்கம் திருப்பிவிட்டது. மத்தேயு 5ல் இன்னும் நேராகவே இருக்கிறது: பலிபீடத்தில் காணிக்கை வைக்கப் போகும்போது, உன் சகோதரனுக்கு உன்மேல் குறை இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு.

உங்கள் அப்பா வார்டில் அழுதபோது பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது உங்கள் அம்மாதான் இல்லையா? அந்த நேரத்தில் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர், "ஐயா, ஆண்டவர் மன்னித்தார், சந்தோஷம். இப்போ அம்மா பக்கம் திரும்பி அவங்ககிட்டப் பேசுங்க" என்று சொல்லியிருக்கவேண்டும். ஒரு போதகரின் வேலையில் பாதி அதுதான். அவர் சொல்லவில்லை, அல்லது சொல்லியும் உங்கள் அப்பாவால் முடியவில்லை. வாழ்நாள் முழுக்கக் கை ஓங்கியே பழகிய ஆணுக்கு, முகம் தெரியாத பாஸ்டரிடம் அழுவது எளிதாகவும் மனைவியிடம் மன்னிப்புக் கேட்பது சாவைவிடக் கடினமாகவும் இருந்திருக்கலாம். காரணம் எதுவானாலும் உங்கள் அம்மாவுக்குச் சேரவேண்டியது சேரவில்லை, அது இன்னும் பாக்கி. கடவுள் அவரை மன்னித்தார் என்று நான் நம்புவதால் அந்தப் பாக்கி அழிந்துவிட்டது என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. கடவுளே மன்னித்துவிட்டார், நீங்கள் ஏன் இன்னும் மனதில் வைத்திருக்கிறீர்கள் என்று யாராவது அம்மாவிடம் வந்து சொன்னால் அவர்களைத் தயவுசெய்து வீட்டுக்கு வெளியே அனுப்புங்கள். மன்னிப்பது ஒருநாள் அம்மாவுக்கு முடிந்தால் முடியட்டும், அதை வேறு யாரும் அவர் கையிலிருந்து பிடுங்கிக் கொடுக்க முடியாது.

சொத்தை அழித்துவிட்டுத் திரும்பி வந்த மகனை அப்பா ஏற்றுக்கொண்டதாக இயேசு சொன்ன கெட்ட குமாரன் கதையைச் சொல்லி உங்களை யாராவது அந்த மூத்த மகன் இடத்தில் நிறுத்தியிருக்கலாம், தம்பி திரும்பி வந்ததைப் பொறுக்காமல் வாசலிலேயே நின்றவன். நான் நிறுத்த மாட்டேன். அந்தக் கதையில் இளையவன் சொத்தைத்தான் அழித்தான், அண்ணனை அடிக்கவில்லை. அடிபட்டவர்களைப் பொறாமைக்காரர்களாக்கும் பிரசங்கங்களை நான் கேட்டிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் வயிறு எரிந்திருக்கிறது.

நியாயம் பற்றிய உங்கள் கேள்விக்குள் இன்னொன்று ஒளிந்திருக்கிறது. அம்மா அவ்வளவு பட்டிருக்கிறார், அவருக்குத்தானே முதலில் பரலோகம் என்று கேட்கிறீர்கள். உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், அம்மா வாங்கிய அடிகளைப் புண்ணியக் கணக்கில் வரவு வைத்தால், அந்த அடிகளால் அவருக்கு ஏதோ ஒரு நன்மை விளைந்தது என்று ஆகிவிடும். நம் ஊரில் பெண்களை அப்படிச் சொல்லித்தானே பொறுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள், பொறுத்தால் புண்ணியம், தாலிக்கு மரியாதை, சர்ச்சுக்குப் போனால் சிலுவையைச் சும என்று. அந்த அடிகள் எதற்கும் விலையாக இல்லை. அவை நடந்திருக்கவே கூடாத அநியாயம், வேறு எதுவும் இல்லை. உங்கள் அம்மா கடவுளுக்கு அருமையானவர் என்றால் அது அவர் அடி வாங்கியதால் இல்லை, வாங்குவதற்கு முன்பும் அப்படித்தான். கிருபை என்று நாங்கள் சொல்வதில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: கணக்கு வைக்காத கடவுள் என்றால், என் துன்பத்தைக் காட்டி அவரிடம் எனக்குரியதைக் கேட்கவேண்டிய அவசியமும் இல்லாமல் போகிறது.

அப்புறம், விசுவாசம் என்றால் என்ன என்பதில் பெரிய குழப்பம் இருக்கிறது. சில கருத்துகளைச் சரி என்று ஒப்புக்கொள்வது என்று பலர் நினைக்கிறார்கள். புதிய ஏற்பாட்டில் யாக்கோபு எழுதுகிறார், கடவுள் ஒருவரே என்று பிசாசுகளும் விசுவாசிக்கின்றன, விசுவாசித்து நடுங்குகின்றன என்று. ஆக ஒப்புக்கொள்வது மட்டும் இல்லை. விசுவாசிக்கிறவன் கெட்டுப்போகாமல் நித்திய ஜீவனை அடைவான் என்கிற யோவான் 3:16ஐ ஆட்டோவின் பின்னால்கூட ஒட்டியிருப்பார்கள், அதற்கு இரண்டு வசனம் முன்னால் இருப்பது அதிகம் பேர் கண்ணில் படுவதில்லை. வனாந்தரத்தில் பாம்பு கடித்து ஜனங்கள் சாகிறார்கள், மோசே வெண்கலத்தில் ஒரு பாம்பு செய்து கம்பத்தில் தூக்கி வைக்கிறார், அதை நோக்கிப் பார்த்தவன் பிழைத்தான். அதுபோல மனுஷகுமாரனும் உயர்த்தப்படவேண்டும் என்கிறார் இயேசு. பார்ப்பதில் சாமர்த்தியம் என்ன இருக்கிறது? பாம்பு கடித்துக் கிடக்கிறவன் தலையைத் திருப்புகிறான், அவ்வளவுதான். விசுவாசம் அந்தத் திரும்புதல். அதைச் செய்ததற்காக யாரும் மார்தட்ட முடியாது. திரும்பிப் பார்த்துப் பிழைத்தவன் பழைய மாதிரியே இருக்கவும் முடியாது, கிரியை இல்லாத விசுவாசம் செத்தது என்று அதே யாக்கோபு சொல்வது இந்த அர்த்தத்தில்தான்.

இந்த விசுவாசம், கிரியை சண்டைக்குப் பெரிய வரலாறு உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லூத்தர் 1517ல் தொடங்கியது, கத்தோலிக்கரின் திரெந்து சங்கம் 1547ல் அதற்கு எதிராகத் தீர்மானம் போட்டது, 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரத்தில் இரண்டு பக்கமும் சேர்ந்து, அடிப்படையில் நாம் ஒன்றைத்தான் நம்புகிறோம் என்று கையெழுத்திட்டார்கள். உங்கள் கேள்விக்கு நெருக்கமானது இன்னொரு சண்டை, புராட்டஸ்டண்டுகளுக்குள்ளேயே நடந்தது. கிறிஸ்து எல்லோருக்காகவும் மரித்தாரா, கடவுள் முன்பே தேர்ந்தெடுத்தவர்களுக்காக மட்டும் மரித்தாரா? சீர்திருத்தவாதி கால்வின் வழி வந்தவர்கள் 1618–19ல் நெதர்லாந்தில் டார்ட் என்ற ஊரில் கூடி இரண்டாவது பக்கம் சாய்ந்தார்கள். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1739ல் பிரிஸ்டலில் எழுந்து, கிருபை எல்லோரிலும் இலவசம், எல்லோருக்கும் இலவசம் என்று பிரசங்கித்தார். நெருங்கிய நண்பரான விட்ஃபீல்டு அதனால் அவரோடு முறித்துக்கொண்டார், பிறகு சமாதானமாகி, விட்ஃபீல்டு இறந்தபோது வெஸ்லிதான் அவருக்காகப் பிரசங்கம் செய்தார். இரண்டு வழிகளின் வாரிசுகளும் 1947 செப்டம்பர் 27 அன்று, சுதந்திரம் வந்த அடுத்த மாதம், நம் கதீட்ரல் சாலையில் இருக்கிற புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன்களோடு சேர்ந்து சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) என்ற ஒரே சபையானார்கள். நான் அந்தச் சபைக்காரன். எல்லோருக்காகவும் என்ற வெஸ்லியின் பக்கம்தான் நிற்கிறேன், "எல்லா மனுஷரும் இரட்சிக்கப்பட" தேவன் சித்தமாயிருக்கிறார் என்று 1 தீமோத்தேயு 2ல் எழுதியிருப்பதை வேறு எப்படி வாசிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

சரணாகதி பற்றிக் கேட்டிருந்தீர்கள். நெருக்கம் உண்மையிலேயே அதிகம். திருக்கோட்டியூர் கோபுரத்தில் ஏறி, குரு ரகசியமாகச் சொன்ன மந்திரத்தை ஊருக்கே உரக்கச் சொன்னதாக ராமானுஜர் பற்றிச் சொல்வார்களே, நான் நரகம் போனாலும் பரவாயில்லை இத்தனை பேர் பிழைப்பார்கள் என்று, அந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பவுல்தான் நினைவுக்கு வருவார். ரோமர் 9ல் அவரும் தன் ஜனத்துக்காகத் தான் சபிக்கப்பட்டவனாக வேண்டுமானாலும் ஆகிவிடுவேன் என்கிற மாதிரி எழுதுகிறார். சரணாகதிகூட நம் முயற்சி இல்லை, பெருமாளே உபாயம் என்று வைணவத்தில் தென்கலையார் சொல்வது விசுவாசமும் ஒரு கிரியை இல்லை என்று நாங்கள் சொல்வதற்குப் பக்கத்தில் வருகிறது. வைணவக் குடும்பத்தில் பிறந்து கம்பனில் ஊறிய எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1858ல் இந்தச் சென்னையில்தான் ஞானஸ்நானம் எடுத்தார், அவர் பிறகு எழுதிய கிறிஸ்தவக் கவிதையில் ஆழ்வார்களின் உருக்கம் அப்படியே இருக்கிறது. வித்தியாசம் எங்கே என்றால், எங்கள் விசுவாசம் ஒரு குறிப்பிட்ட நாளில், பொந்தியு பிலாத்து என்ற ரோம ஆளுநரின் கீழ், எருசலேமுக்கு வெளியே கொல்லப்பட்டு உயிர்த்தெழுந்த ஒரு மனிதர்மேல் வைக்கிற விசுவாசம். அந்தச் சம்பவம் நடக்கவில்லை என்றால் எங்கள் நம்பிக்கை வீண் என்று பவுலே எழுதிவிட்டார். எல்லாம் ஒன்றுதான் என்று சொல்லி உங்களைச் சமாதானப்படுத்த மாட்டேன், அது இரண்டு பக்கத்துக்கும் மரியாதை இல்லை.

இப்போது கடினமான இடம், உங்கள் அம்மா. இயேசுவைத் தவிர வேறு இரட்சகர் இல்லை என்று நம்புகிறவன் நான். யோவான் 3ல் 16ஐ அடுத்து 18ஆம் வசனமும் இருக்கிறது, விசுவாசியாதவன் தீர்ப்புக்கு உட்பட்டவன் என்று, அதை நான் மறைக்கப்போவதில்லை. ஆனால் யார் இரட்சிக்கிறார் என்பது ஒன்று, யார் யார் இரட்சிக்கப்படவில்லை என்று பெயர் சொல்லிப் பட்டியல் போடுவது வேறொன்று. முதலாவது எங்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. இரண்டாவது ஒருவருக்கும் சொல்லப்படவில்லை. லூக்கா 13ல் ஒருவன் இயேசுவிடம் நேராகவே கேட்கிறான், இரட்சிக்கப்படுகிறவர்கள் சில பேர்தானா என்று. அவர் எண்ணிக்கை சொல்லவில்லை, நீ இடுக்கமான வாசல் வழியாக நுழையப் பிரயாசப்படு என்று கேட்டவன் பக்கமே திருப்பிவிட்டார். அப்புறம், கிழக்கிலும் மேற்கிலும் வடக்கிலும் தெற்கிலும் இருந்து ஜனங்கள் வந்து தேவனுடைய ராஜ்யத்தில் பந்தியிருப்பார்கள், உள்ளேதான் இருக்கிறோம் என்று நினைத்த சிலர் வெளியே நிற்பார்கள் என்றார். மறுபடியும் பந்தி. கத்தோலிக்கர்கள் 1964ல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், தங்கள் குற்றமில்லாமல் சுவிசேஷத்தை அறியாமல் உண்மையான மனதோடு கடவுளைத் தேடுகிறவர்களும் மீட்பு அடையலாம் என்று எழுதி வைத்தார்கள். எங்கள் பக்கம் இதை ஒத்துக்கொள்ளாதவர்கள் நிறைய இருக்கிறார்கள். நான் இவ்வளவுதான் சொல்வேன்: தேவன் "எல்லா மனுஷருக்கும், விசேஷமாக விசுவாசிகளுக்கும் இரட்சகர்" என்று 1 தீமோத்தேயு 4ல் எழுதியிருக்கிறது, விசேஷமாக என்றுதான் இருக்கிறது, மட்டும் என்று இல்லை. உங்கள் அம்மாவுக்கு இயேசு என்ற பெயர் எப்படி அறிமுகமானது? அடித்த கணவரின் கடைசிக் காலச் சபை வழியாக, தன் கையால் சமைத்ததைத் தள்ளிவிட்டுப் போனவர்கள் வழியாக. அதை அவர் ஏற்கவில்லை என்றால் அவர் கிறிஸ்துவை மறுத்தார் என்று நான் எண்ண மாட்டேன். கிறிஸ்து இன்னும் அவருக்குச் சரியாகச் சொல்லப்படவே இல்லை.

அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டீர்கள். அப்பாவைப் பார்ப்பதற்காக முழுக்கு எடுக்கவேண்டாம் என்று சொல்லுங்கள். ஞானஸ்நானம் யாரையோ சந்திக்க வாங்குகிற அனுமதிச் சீட்டு இல்லை, பயத்தில் எடுக்கிறதும் இல்லை. "எனக்கு ஏன் பாக்கணும்" என்று அவர் கேட்பதும் தப்பில்லை, அதற்காக அவர் குற்ற உணர்ச்சி கொள்ளவேண்டியதில்லை. உங்கள் அப்பா கடவுளிடம் இருக்கிறார் என்றால், அங்கே அவர் கை ஓங்குகிற ஆளாக இருக்க முடியாது. தான் செய்தது முழுவதையும் அங்கே அவர் தெரிந்துகொள்ளாமலும் இருக்க முடியாது என்று நான் நம்புகிறேன். அதற்கு மேல் எனக்குச் சொல்லப்படவில்லை.

அம்மாவுக்கே ஒருநாள் இயேசு யார் என்று தெரிந்துகொள்ள ஆசை வந்தால், யாரையும் வீட்டுக்குக் கூப்பிடுவதற்கு முன்னால் லூக்கா சுவிசேஷத்தை நீங்களே அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். சகேயு, கள்ளன், கூனியான ஒரு ஸ்திரீ, பாவியென்று ஊர் ஒதுக்கிய பெண், எல்லோரும் அதில் இருக்கிறார்கள். ஆசை வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். அந்தச் சபையிலிருந்து மறுபடியும் வந்தால் 1 கொரிந்தியர் 10:27ஐ நீங்களே காட்டலாம், கோபமில்லாமல் காட்டினால் போதும், அவர்களில் யோசிக்கிறவர் ஒருவராவது இருப்பார். பாஸ்டரிடம் நேரில் பேசவேண்டும், துணைக்கு ஆள் வேண்டும் என்று தோன்றினால் தளத்தில் இருக்கிற மின்னஞ்சலுக்கு ஒரு வரி எழுதுங்கள், நான் புரசைவாக்கத்தில்தான் இருக்கிறேன், பெரம்பூர் எனக்குத் தூரமில்லை. என் மனைவியும் வருவார். சாப்பிட்டுவிட்டே வருவோம்.

அன்புடன்